பூசைக்கு வந்த ஹார்ட் டிஸ்க்

தாணம்மாள் அக்காவுக்கு எதிரி என்று யாரும் கிடையாது. ஆனாலும் பல வருடங்களாக அவள் ஒரு யுத்தத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். எல்லையிலோ கப்பலிலோ அல்ல. தக்கலையில், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு கல்யாண ஸ்டுடியோவில்.

ஸ்டுடியோவின் பெயர் பெருமாள் டிஜிட்டல். முதலாளி நாராயணபெருமாள். படம் எடுப்பது அவரும் அவருடைய ஆட்களும். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முகங்களை ஒரு சுற்று வெளுப்பாக்கி, ஆல்பமாக அடுக்குவது அக்கா. இரணியலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். நான் அதே மாடியில் பக்கத்து அறையில் கல்யாணக் கார்டும் ஃப்ளெக்ஸும் அடிக்கிற ஜெபசீலன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவள் பேசுவதில் எனக்கு வேண்டியதும் கேட்கும், வேண்டாததும் கேட்கும். வேண்டாததுதான் அதிகம்.

ஃபிலிம் போய் டிஜிட்டல் கேமரா வந்த சமயம், 2004இல், அவள் வேலைக்குச் சேர்ந்தாள். வந்த அன்றைக்கே முதலாளியிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"நெகட்டிவ் இல்லேண்ணா, படம் அழிஞ்சு போச்சுண்ணா என்ன செய்ய?"

"கம்ப்யூட்டர்ல உள்ளது எப்படி அழியும்?" என்றார் நாராயணபெருமாள்.

இத்தனை உறுதியாக ஒரு மனிதர் பேசி நான் கேட்டதில்லை. எப்படி அழியும் என்பதற்குச் சின்னதாக ஒரு உதாரணம் கிடைக்க இரண்டு வருடம் ஆனது. ஒரு மாப்பிள்ளையின் சித்தப்பா மகன், கல்யாண வீடியோவில் சேர்க்கச் சொல்லி ஒரு மலையாளப் பாட்டைப் பென் டிரைவில் கொண்டுவந்தான். பாட்டோடு வைரஸும் வந்தது. கம்ப்யூட்டரிலிருந்த கல்யாணங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிட்டன. நாகர்கோவிலிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து மறைந்ததையெல்லாம் வெளியே எடுத்துக் கொடுக்கும்வரை அக்கா சோறு தின்னவில்லை. முதலாளி தின்றார்.

அதற்குப் பிறகு மாடிப்படி ஏறும் இடத்தில் ஒரு போர்டு வந்தது. 'வெளி பென் டிரைவ் உள்ளே கொண்டுவரக் கூடாது.' நான்தான் அடித்துக் கொடுத்தேன். இரண்டே நாளில் யாரோ அதன் கீழே பேனாவால் 'செருப்பும்' என்று சேர்த்துவிட்டார்கள். அக்கா அதை அழிக்கவில்லை. செருப்பிலும் நோய் வரும் என்றாள்.

யுத்தம் என்ற பேச்சு 2007இல் ஆரம்பித்தது. எஸ்தோனியா என்று ஒரு நாடு இருப்பதே தக்கலையில் பாதிப் பேருக்கு அவள் சொல்லித்தான் தெரியும். அங்கே ஒரு சிலையை இடம் மாற்றினார்களாம். அதற்காக யாரோ அந்த நாட்டு பேங்குகளையும் பத்திரிகைகளையும் இன்டர்நெட் வழியாகவே முடக்கிப் போட்டுவிட்டார்களாம். பேப்பரில் படித்துவிட்டு வந்து பலகைத் தடுப்பைத் தட்டினாள்.

"கேட்டியா மக்கா. நம்ம ஊர்ல செலைய மாத்துனா பஸ்ஸ மறிப்பானுவ. அங்க கம்ப்யூட்டர மறிச்சிருக்கானுவ."

"அதுக்கும் நமக்கும் என்னக்கா?"

"பஸ்ஸ மறிக்கவன் அதுல ஏறி இருக்கவன் யாருண்ணு பாத்தா மறிக்கான்?"

பதில் சொல்ல முடியாத மாதிரி பேசுவது அவளுடைய கெட்ட பழக்கம். எனக்கு அன்று கார்டு வேலை குவிந்து கிடந்தது. மெஷினை ஓடவிட்டேன்.

2010இல் ஈரானில் ஏதோ ஒரு ஆலைக்குள் பென் டிரைவ் வழியாகவே எதிரி நுழைந்த செய்தி வந்தது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மகள் ஃபர்ஸ்ட் கிளாஸில் பாஸானதுபோல இருந்தது. படிக்கட்டு போர்டு நிரந்தரமானது. வெளியே கொடுப்பதும் நின்றது. படம் வேண்டும் என்றால் ஆல்பம் முடிந்தபிறகு, அவளே எழுதி ஒட்டிய டிவிடியில்தான். நடுவில் யார் எந்தப் பென் டிரைவை நீட்டினாலும் அக்கா அதை அம்மை கண்ட வீட்டுப் பாத்திரம் மாதிரி பார்ப்பாள்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் கீழே உள்ள கடைகளுக்கெல்லாம் போய் உபதேசம் வேறு. நகைக்கடை, ரப்பர் ஷீட் வியாபாரி, ஸ்கேன் சென்டர், ஒருவரையும் விடமாட்டாள். எதுவானாலும் கடையில் ஒரு காப்பி இருக்கணும், இன்னொரு காப்பி வேறு கூரைக்குக் கீழே இருக்கணும். அந்த இரண்டையும் இன்டர்நெட் இருக்கிற நேரத்தில் ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது. கடைப் பெயரையே பாஸ்வேர்டாக வைக்கக் கூடாது. கம்ப்யூட்டர் ஏதாவது மாதிரி நடந்துகொண்டால் முதலில் ஒயரைப் பிடுங்கணும், யோசிப்பதெல்லாம் பிறகு.

"எனக்க ரப்பர கம்ப்யூட்டர் வழியா எப்படிட்டி கொண்டு போவான்?" என்று கேட்டார் ரப்பர் ஷீட் வியாபாரி.

"ரப்பர கொண்டு போகமாட்டான். யாருக்கிட்ட எவ்வளவு வாங்குனீருண்ணு உமக்கே தெரியாம ஆக்கிருவான்."

அது ஏற்கெனவே தனக்குத் தெரியாது என்றார் அவர்.

ஸ்டுடியோவின் வேறு கூரை என்பது இரணியலில் அக்காவின் வீடு. அங்கே அரிசிப் பானைக்குள் ஒரு பிஸ்கட் டின், டின்னுக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க். பெருமாள் டிஜிட்டல் எடுத்த கல்யாணம் அத்தனையும் அதில் இருந்தது. சனிக்கிழமை தோறும் கைப்பையில் வைத்துக் கொண்டுவருவாள். முதலில் இன்டர்நெட் ஒயரைக் கழற்றுவாள். அந்த வாரத்துப் படங்களை ஏற்றுவாள். டிஸ்க் கைப்பைக்குள் போனபிறகுதான் ஒயர் திரும்ப ஏறும். அந்த நேரத்தில் முதலாளியே உள்ளே வந்தாலும் இருமக்கூட விடமாட்டாள்.

2017 மே மாதம் யுத்தம் உண்மையாகவே வந்தது. உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டுக் காசு கேட்டது ஒரு வைரஸ். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நின்றன. ஒரு நாட்டு அரசாங்கமே அனுப்பியது என்றார்கள், அந்த நாடு இல்லை என்றது. எங்கள் தெருவிலும் ஒரு கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டது. பெருமாள் டிஜிட்டலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாராயணபெருமாள் முதல் தடவையாக அக்காவைப் பார்த்து, "உனக்கு பைத்தியம்ணு நெனச்சேன், தாணம்மா" என்று பாராட்டினார். அந்த ஒரு வார்த்தையில் அவள் மூன்று மாதம் மிதந்துகொண்டிருந்தாள். அதுதான் வினையாகிவிட்டது என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு கல்யாணம். பெண் அபினா, குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அப்பா ஞானதாசன் கடல்தொழில், அம்மா செசிலி. மாப்பிள்ளை ஆன்ட்ரூஸ் தக்கலையில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், அதனால்தான் எங்கள் மாடி ஸ்டுடியோவைப் பிடித்தார்கள். கல்யாணம் முடிந்த வாரமே ஆன்ட்ரூஸ் ஒரு புதுப் பென் டிரைவோடு வந்தான். கவரைக்கூடப் பிரிக்காமல் கொண்டுவந்திருந்தான்.

"அக்கா, கொஞ்சம் படம் போட்டுத் தாங்க. வீட்ல எல்லாரும் கேக்காங்க."

"ஆல்பம் முடியட்டும் தம்பி. ஒட்டுக்கா டிவிடில தாறேன்."

"இது புதுசுக்கா. கவரு பிரிக்கல்ல."

"பொறந்த பிள்ளைக்கும் சளி புடிக்கும்."

அவன் இன்னும் இரண்டு தடவை வந்து பார்த்தான். பிறகு வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஆயுத பூசை. எங்கள் பக்கத்தில் அது சாதாரணக் காரியமில்லை. தொழில் செய்கிற சாமான்களைத் துடைத்து, பொட்டு வைத்து, வரிசையாகப் பூசையில் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூசை முடிந்துதான் திரும்பத் தொடலாம். அதுவரை பிள்ளைகள் புத்தகத்தைத் தொடாது, தச்சன் உளியைத் தொடமாட்டான். வேதக்காரனான, அதாவது கிறிஸ்தவனான, எனக்கு அந்தப் பூசையில் பங்கு, இலைத் துண்டில் வரும் சுண்டலும் அவலும் மட்டும்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நவராத்திரிக்கு எங்கள் பத்மநாபபுரத்து சரஸ்வதி அம்மன் யானை மேல் ஏறித் திருவனந்தபுரம் போய்விடுவாள். அதாவது, நடந்தது நடந்தபோது அவள் ஊரில் இல்லை.

அந்த வருடம் அக்கா கைப்பையிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அன்று வெள்ளிக்கிழமை. நான் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தேன்.

"இன்னைக்கு எதுக்குக்கா இது?"

"வருசா வருசம் கேமராவுக்கு பொட்டு, லைட்டுக்கு பொட்டு, கத்திரிக்கோலுக்குக்கூட பொட்டு. மே மாசம் நம்மள காப்பாத்துனது இதுதான். இது மட்டும் அரிசிப் பானைல கெடக்கணுமா?"

நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. டிஸ்க்கைத் துணியால் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு செம்பருத்திப் பூவையும் சாத்தினாள். அப்போது நாராயணபெருமாள் குளித்து, வேட்டி கட்டி, பூசைத் தட்டோடு வந்தார்.

"எல்லாம் அணைஞ்சு கெடக்கே. செத்த சாமானுக்கா பூசை செய்யணும்? லைட்டு எல்லாம் எரியட்டும்."

கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது. பிரிண்டர் ஓடியது. டிஸ்க்குக்கு வெளிச்சம் வர வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். அக்கா செருகினாள். செருகிவிட்டு, "நெட்டு ஒயர கழட்டிரட்டா?" என்று கேட்டாள்.

"மோடத்துக்கு மட்டும் லைட்டு எரியாண்டாமா?" என்றார் முதலாளி.

மோடத்துக்கும் பொட்டு வைத்திருந்தது. அவள் ஒயரை அப்படியே விட்டாள். மற்ற நாளாக இருந்தால் அவரைப் படிக்கட்டு வரைக்கும் விரட்டியிருப்பாள்.

கற்பூரம் காட்டி முடித்து, நாங்கள் சுண்டலோடு நின்றுகொண்டிருந்தோம். அதுவரை சும்மா எரிந்துகொண்டிருந்த டிஸ்க்கின் நீல வெளிச்சம் துடிக்கத் தொடங்கியது. கம்ப்யூட்டரின் விசிறி உறுமியது. யாரும் எதையும் தொடவில்லை, ஆனால் உள்ளே ஏதோ மும்முரமாக வேலை நடந்தது. அக்கா அதைப் பார்த்தாள். இலைத் துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"தொடாத தாணம்மா," என்றார் நாராயணபெருமாள். "பூசைல வச்சாச்சு."

"லைட்டு துடிக்குது."

"துடிக்கட்டும். நல்ல சகுனம். நாளைக்கு காலைல பூசை முடிச்சு எடுக்கலாம்."

அவள் கை ஒயரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது. ஊர் முழுக்க முதலில் ஒயரைப் பிடுங்கு, பிறகு யோசி என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள், அன்றைக்கு யோசித்தாள். பிறகு கையை மடக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முதலாளி ஷட்டரைப் போட்டுப் பூட்டினார்.

விஜயதசமி காலையில் திரையில் ஒரு ஆங்கிலக் கடிதம் இருந்தது. கம்ப்யூட்டரில் இருந்த எல்லாக் கல்யாணங்களையும் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமென்றால் இந்த மெயிலுக்கு எழுதவும், பிட்காயினில் பணம் தரவும் என்று போட்டிருந்தது. டிஸ்க்கிலும் அதேதான். ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் பின்னால் புரியாத ஒரு வால் முளைத்திருந்தது, எதுவும் திறக்கவில்லை. பின்னால் விசாரித்ததில் வழி தெரிந்தது. ஸ்டுடியோவின் பில் சாஃப்ட்வேரை வெளியூரில் இருந்தபடியே சரிசெய்ய வசதியாக, அதைப் போட்டுக்கொடுத்தவர் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வழியாக ஒரு கதவு திறந்து வைத்திருந்தார். அந்தக் கதவுக்கு முதலாளி வைத்திருந்த பாஸ்வேர்டு, பெருமாள் என்ற பெயரும் அதன் பின்னால் ஒன்று இரண்டு மூன்றும். அது அக்காவுக்குத் தெரியாது.

எழுதிக் கேட்டோம். பதில் மரியாதையாக வந்தது. தக்கலையில் எந்த ஆபீஸிலும் எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. அன்பார்ந்த ஐயா என்று ஆரம்பித்து, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றுகூட இருந்தது. நாராயணபெருமாள் பேங்குக்குப் போய் பிட்காயின் கிடைக்குமா என்று கேட்டார். மேனேஜர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாராம். கடைசியில் கொடுப்பதில்லை என்று முடிவானது. கொடுத்தாலும் திறந்துவிடுவான் என்று யார் ஜாமீன்?

ஆல்பம் முடியாமல் நின்ற கல்யாண வீடுகளுக்கெல்லாம் முதலாளி நேரில் போனார். கேமராவின் கார்டுகளில் அதற்குள் அடுத்தடுத்த கல்யாணங்கள் ஏறியிருந்தன. அபினாவையும் ஆன்ட்ரூஸையும் திரும்பக் கல்யாண உடுப்பு போடவைத்து பேச்சிப்பாறை அணைக்கு அழைத்துப் போய் எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் நல்ல மனிதர்கள், அதோடு விட்டார்கள். ஞானதாசனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். கல்யாணம் ஒரு தடவை நடந்தால் போதாதா என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார்.

அக்கா அந்த டிஸ்க்கை அழிக்கவில்லை. திரும்பவும் பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுபோனாள். அந்த வெளிக்கதவை அடைக்கவைத்தாள், பாஸ்வேர்டுகளை மாற்றினாள். ஆனால் கீழ்க்கடைகளுக்கு உபதேசம் செய்யப் போவதை நிறுத்திவிட்டாள். ரப்பர் ஷீட் வியாபாரி என்னிடம், "அவளுக்கு சொகமில்லியா?" என்று கேட்டார்.

நவம்பர் முடியும்போது புயல் வந்தது. மரமும் மின்கம்பமும் சாய்ந்து, எங்கள் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது என் மெஷினுக்கு வந்த முதல் வேலை முகங்கள். கடற்கரை ஊர்களிலிருந்து வந்தார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் படத்தைக் கொடுத்து ஃப்ளெக்ஸ் கேட்டார்கள். கல்யாணக் கார்டு அடித்து, திறப்பு விழா அடித்து, பிறந்தநாள் அடித்து வந்த மெஷின் அது. அந்த நாட்களில் எனக்கு அதன் சத்தமே பிடிக்காமல் போனது.

செசிலியும் அபினாவும் வந்தது டிசம்பரில், ஒரு வியாழக்கிழமை. ஞானதாசன் போன வள்ளம் திரும்பவில்லை. செசிலி சேலை முந்தானையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆதார் அட்டைப் படங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இதில் ஒரு கறுப்பு வட்டமும் மீசை மாதிரி ஒன்றும் இருந்தன.

"இது அவரு இல்ல," என்றாள் செசிலி. "ஞாயித்துக்கெழம கோயில்ல, திரும்பாத எல்லாருக்குமா திருப்பலி. ஒவ்வொரு வீட்டுக்காரரும் படம் கொண்டாந்து முன்னால வைக்காவ. இத நான் வைக்கமாட்டேன்."

"வீட்ல வேற படம்?"

"எனக்க கல்யாணத்துல எடுத்தது உண்டு. அதுல அவருக்கு இருவத்திரெண்டு வயசு. எனக்கே அடையாளம் தெரியல்ல." பிறகு, "மவளுக்க கல்யாணத்துல எடுத்தியளே. அதுல ஒண்ணு போதும்," என்றாள்.

அபினா அம்மாவின் கையைப் பிடித்தாள். பேச்சிப்பாறையில் எடுத்தது கூடுதலாக எடுத்தது, முதலில் எடுத்தவையும் இருக்கின்றன என்றே செசிலி நினைத்திருந்தாள். யாரும் அவளுக்கு விளக்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. அக்கா வந்து வாசலில் நின்றாள்.

"அந்தப் படம் இல்லம்மா," என்றாள். "எனக்க கையில இருந்து போச்சு. உனக்க மருமவன் வந்து கேட்டப்போ குடுத்திருந்தா உனக்க வீட்டுல இருந்திருக்கும். நான் குடுக்கல்ல."

செசிலி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவரு எனக்கிட்ட சொன்னாரு," என்றாள் செசிலி, "புதுச் சட்டைல நல்லா இருக்கேன், படம் வந்தா பாருண்ணு."

அவர்கள் போனபிறகு அக்கா என் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பூட்டுக்காரர்களுக்கு ஒரு மெயில் எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். எங்களுக்கு எல்லாப் படமும் வேண்டாம். ஒரே ஒரு படம் போதும். இந்த மனிதர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவர் உங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்தவர் இல்லை. உங்கள் சண்டை யாரோடு என்றும் அவருக்குத் தெரியாது. கேட்கிற தொகையை என் வளையலை அடகு வைத்துத் தந்துவிடுகிறேன். தாணம்மாள், தக்கலை.

அனுப்பிய உடனே திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு விலாசமே இப்போது இல்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் மௌஸைத் தூக்கி எறிந்தேன், அது ஒயரில் தொங்கியது. அக்கா அதை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"கல்யாணத்துக்கு எத்தன பேரு வந்திருப்பாவ?" என்று கேட்டாள். "ஒருத்தன் போன்லயாவது அவரு இருப்பாருல்லா?"

வெள்ளிக்கிழமை அவளை என் பைக்கில் வைத்து அழைத்துப் போனேன். ஸ்டுடியோவின் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த ஊரில் வீடு வீடாக ஏறினோம். அவள் கேட்டது ஒன்றுதான். அபினா கல்யாணத்தில் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா? கொடுத்ததையெல்லாம் வாங்கினாள். உடைந்த கண்ணாடி போன்கள், மெமரி கார்டுகள், யார் யாருடையவோ பென் டிரைவ்கள். எதையும் சோதிக்கவில்லை, ஒவ்வொன்றாக லேப்டாப்பில் செருகினாள். இரண்டு தடவை வைரஸ் இருக்கிறது என்று லேப்டாப் சத்தம் போட்டது. வாயை மூடு என்று அதனிடம் சொன்னாள்.

நல்ல போன் வைத்திருந்தவர்கள் நிறைய எடுத்திருப்பார்கள். ஆனால் அந்த ஊரில் நல்ல போன் வைத்திருந்தவர்கள் பலரும் வள்ளத்தில் போனவர்கள். போனும் அவர்களோடு போயிருந்தது. ஒரு வீட்டில் அந்தப் பெண் எங்கள் கேள்விக்குப் பதிலாகச் சார்ஜரை மட்டும் எடுத்துக் காட்டினாள்.

சனிக்கிழமை மத்தியானம் செசிலியின் வீட்டில் உட்கார்ந்து சேர்த்ததையெல்லாம் பார்த்தோம். மணமக்கள், கேக், மேடை, பந்தி, திரும்பவும் கேக். ஞானதாசன் எல்லா இடத்திலும் இருந்தார், எதிலும் முழுதாக இல்லை. பெண்ணின் அப்பன் கல்யாணத்தன்று நிற்க நேரமில்லாமல் ஓடுகிறவன். பந்தியில் சோறு வைக்கிற ஒரு கை. யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் ஒரு காது. முதுகு. அக்கா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக் காட்ட, செசிலி விரலால் தொட்டு, "இது அவருக்க கையி," "இது அவருதான், நடக்கது தெரியுதுல்லா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. வாசலில் போய் நின்றேன்.

அப்போது அபினா சொன்னாள், "அண்ணனுக்கிட்ட கேட்டா?"

அண்ணன் பெனினுக்கு சவுதியில், தமாமில் வேலை. லீவு கிடைக்காமல் கல்யாணத்துக்கு வராதவன். புயலுக்குப் பிறகும் அவனை அனுப்பவில்லை.

"அவன் கல்யாணத்துக்கு வரல்லியே," என்றாள் அக்கா.

"வரல்ல. அப்பா இமோல வீடியோ கால் போட்டு காட்டுகேன்ணு கோயில்ல போன புடிச்சிட்டு நின்னாரு. கேமராவ திருப்பி வைக்க தெரியல்ல. திருப்பலி முழுக்க அவனுக்கு அப்பாவுக்க மொகம்தான் தெரிஞ்சிருக்கு. ஒன்னைய ஒரு தடவகூட பாக்கல்லண்ணு எனக்கிட்ட அன்னைக்கு பூரா சண்ட."

போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் பெனினின் குரல் வந்தது. அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் படமாக எடுத்து வைத்திருக்கிறாயா என்று அபினா கேட்டாள்.

"உண்டு," என்றான். "எப்பா, திருப்பிப் புடிங்கண்ணு நான் இஞ்ச இருந்து கத்துகேன். கோயிலாச்சேண்ணு அவரு சத்தத்த கொறச்சு வச்சிருக்காரு. பொறவு நாட்டுக்கு வந்து கேலி பண்ணலாம்ணு ஸ்கிரீன்ஷாட்டு எடுத்து வச்சேன்."

படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. தாடையிலிருந்து மேலே பார்க்கிற கோணம், பின்னால் கோயில் கூரை. ஞானதாசன் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்க்காமல், அதற்கு அப்பால் பார்க்கிறார். ஒன்றில் உதட்டைக் கடித்திருக்கிறார். இன்னொன்றில் கண் நிறைந்திருக்கிறது. கடைசியில் வந்ததில் முகம் முழுக்கச் சிரிப்பு. புதுச் சட்டையின் காலர் தெரிகிறது.

"இதுல அவரு எத பாக்காரு?" என்று கேட்டாள் அக்கா.

"என்னைய," என்றாள் அபினா. "தாலி கட்டுன நேரம்."

செசிலி அப்போதுதான் அழுதாள். என் கடைக்கு வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. தாணம்மாள் அக்காவும் அழுதாள். அழுதபடியே, அந்தப் படத்தை அங்கே இருந்த எல்லார் போனுக்கும் அனுப்பச் சொன்னாள். பக்கத்து வீட்டில் கேட்டு வந்தவர்களுக்கும் அனுப்பச் சொன்னாள். ஆன்ட்ரூஸிடம் பென் டிரைவ் இருக்கிறதா என்று அவளே கேட்டாள்.

அன்று சாயங்காலம் என் மெஷினில் அடித்தோம். ஞானதாசன் முகத்தை அக்கா வெளுப்பாக்கவில்லை. அவள் கையில் வந்து அப்படியே வெளியே போன முதல் முகம் அதுவாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பீடத்துக்கு முன்னால் படங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாப் படத்திலும் ஆட்கள் நேராக நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானதாசன் மட்டும் பக்கவாட்டில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த பக்கம் வெறும் சுவர். செசிலி எழுந்து போய் அந்தப் படத்தை எடுத்து வரிசையின் மறு கோடியில் வைத்தாள். கொஞ்சம் திருப்பினாள். தள்ளி நின்று பார்த்தாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள். இப்போது அவர் பார்க்கிற பக்கத்தில், முதல் பெஞ்சில், அபினா உட்கார்ந்திருந்தாள்.